முடிந்தது என்கிற கட்டம்

அக்கா எங்கள் அலுவலகத்தில் பதினோரு வருடம் போன் எடுத்தவர். வாசலுக்கு நேர் எதிரே அரைவட்ட மேசை, அதன் பின்னால் ஏற்றவும் இறக்கவும் முடியாமல் சிக்கிக்கொண்ட ஒரு நாற்காலி, மேசைமேல் இரண்டு போன். மென்பொருள் எழுதுகிற எங்களுக்கு அவர் நினைவு வருவது கூரியர் வந்தால், இல்லை ஏசியில் தண்ணீர் ஒழுகினால். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்தாலும் எதிர்முனையில் இருப்பவர் வைக்கிறவரை இவர் ரிசீவரை வைக்கமாட்டார். கேட்டால், "சொல்ல வந்ததுல பாதிய எல்லாரும் 'சரி, வைக்கிறேன்'னு சொன்னதுக்கு அப்புறம்தான் சொல்றாங்க" என்பார்.

பிறகு விரல் வைத்தால் திறக்கிற கதவு வந்தது, எண்ணை அழுத்தினால் உரியவருக்குப் போகிற தானியங்கி போனும் வந்தது. அரைவட்ட மேசையை இரண்டு பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அக்காவை என்ன செய்வது என்று மேலாளருக்குப் புரியவில்லை. அந்த மாதம்தான் ஒரு டயாலிசிஸ் மையத்தின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எந்த நோயாளி எந்த நாளில் எந்த நாற்காலியில் என்று இதுவரை ரிஜிஸ்தரில் எழுதிவந்ததைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். வேலையைச் சின்னத் துண்டுகளாகச் செய்து அவ்வப்போது காட்டுகிற அஜைல் முறையில் நடக்க வேண்டும், ஸ்க்ரம் மாஸ்டர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். பேருக்கு ஒரு ஆள் போதும் என்று நினைத்த மேலாளர் அக்காவை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். "ஆறு மாசம் பாப்போம். சரிப்பட்டு வரலன்னா உங்களுக்கு இங்க வேற இடம் இல்ல" என்பதையும் சொல்லியே அனுப்பினார்.

எனக்கு வயிற்றெரிச்சல். ஒன்பது வருடமாகக் கோட் எழுதுகிற நான் இருக்க, போன் எடுத்தவர் மாஸ்டரா? இதை டீ மெஷின் பக்கத்தில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். நாலாவது ஆள் அக்கா.

அவர் கோபப்படவில்லை. பேப்பர் கப்பில் டீயைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "மாஸ்டர்ங்கிறது பேருதான் தம்பி. யாருக்கும் நான் உத்தரவு போட முடியாது. கூட்டம் நேரத்துக்கு ஆரம்பிச்சு நேரத்துக்கு முடியணும். உங்க வழியில கல்லு கிடந்தா எடுத்துப் போடணும். யாராவது யாரையாவது ஏமாத்தினா, தன்னையே ஏமாத்திக்கிட்டாலும் சரி, என்னன்னு கேக்கணும். மூணு நாளும் அவங்க சொல்லிக்கொடுத்ததுல எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்."

மற்ற பாத்திரங்களையும் சொல்லிவிடுகிறேன். என்ன வேண்டும், அதில் எது முதலில் வேண்டும் என்று சொல்கிற புராடக்ட் ஓனர் அந்த மையத்தின் தலைமை நர்ஸ். நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். எவ்வளவு முடியும், எப்படிச் செய்வது என்று சொல்கிற அணி நாங்கள் ஐந்து பேர். அதில் சோதித்துப் பார்க்கிற பெண்ணுக்குப் பெயர் சந்தேகம். எதைக் காட்டினாலும் தலையைச் சாய்த்து "எனக்கு ஒரு சந்தேகம்" என்பாள். எனக்குப் பெயர் மூணு. அது ஏன் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும். மேலாளருக்கு இந்த ஏற்பாட்டில் நாற்காலியே கிடையாது. அதனாலோ என்னவோ ஒரு கூட்டத்தையும் அவர் விடமாட்டார்.

இரண்டு வாரம் ஒரு சுற்று, அதற்குப் பெயர் ஸ்பிரிண்ட். முதல் திங்கட்கிழமை திட்டமிடும் கூட்டம். சிஸ்டர் தனக்கு வேண்டியதை வரிசையாகச் சொல்வார். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று நாங்கள் ஆளுக்கொரு அட்டை தூக்குவோம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று அட்டைகள். நான் எதற்கும் மூன்றைத்தான் தூக்குவேன். பெரிய எண் தூக்கினால் எனக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார்கள் என்கிற பயம். வெளியே அதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டேன். மேலாளரும் ஒரு அட்டைக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றும் இரண்டுமாகத் தூக்குவார். வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் தூக்கலாம் என்று அக்காவுக்குத் தெரியும். அப்போது அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

தினமும் காலை ஒன்பதே முக்காலுக்குக் கண்ணாடிச் சுவர் முன்னால் நின்றபடி பதினைந்து நிமிடம். சுவரில் மூன்று கட்டம்: செய்ய வேண்டியது, செய்கிறோம், முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. அக்கா கொண்டுவந்த ஒரே சட்டம், செய்தவர் கைதான் சீட்டை நகர்த்த வேண்டும். இரண்டாம் வெள்ளிக்கிழமை சிஸ்டருக்கும் மேலாளருக்கும் செய்ததை ஓட்டிக் காட்டுவோம். அதற்கப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, எது நன்றாகப் போனது, எங்கே சொதப்பினோம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். சொதப்பியதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டோம். ஏசியைப் பற்றிப் பேசுவோம்.

முடிந்த சீட்டுகளின் எண்ணைக் கூட்டினால் அந்த ஸ்பிரிண்டின் வேகம் வரும். அணி தன் அளவைத் தானே தெரிந்துகொள்வதற்கான எண் அது. மேலாளர் அதை வரைபடமாக்கித் தன் அறையில் மாட்டிவிட்டார். பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்துநாலு என்று ஏறிக்கொண்டே போனது. எப்படி ஏறியது என்றால், எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் வியாழக்கிழமை சாயங்காலம் முக்கால்வாசி முடிந்த சீட்டுகளை எல்லாம் சத்தமில்லாமல் முடிந்ததுக்குத் தள்ளிவிடுவோம். மீதியை அடுத்த வாரம் யாருக்கும் தெரியாமல் செய்துகொள்வோம். வெள்ளிக்கிழமை காட்டுவதற்கு 'சோதனை' என்ற பெயரில் ஒரே ஒரு பொய் நோயாளி. திங்கட்கிழமை காலை பத்து மணி, மூன்றாம் நாற்காலி. பாவம், எங்கள் திரையில் அந்த மனிதருக்கு நானூறு தடவையாவது டயாலிசிஸ் ஆகியிருக்கும்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மகள் பள்ளிக் கடைசி வகுப்பு. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவில் அதே மூன்று கட்டம். 'குளியலறைக் குழாய் சொட்டுகிறது' என்ற சீட்டு நடுக் கட்டத்தில் ஓரம் சுருண்டு கிடந்தது.

"வாஷர் வாங்கிட்டு வந்துட்டேன்ல. அத முடிஞ்சதுல போடக்கூடாதாம்மா? வாங்கினதே பாதி வேலை" என்றார் கணவர்.

"பாதி வேலைக்குக் கட்டம் இல்லீங்க" என்றார் அக்கா.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். எனக்கும் சேர்த்துத்தான் அது என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

ஐந்தாவது மாதம் அந்த வேலை வந்தது. நோயாளி தன் நேரத்தை மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்றார் சிஸ்டர். அந்த ஸ்பிரிண்ட் முடிந்து வருகிற திங்கட்கிழமையே மையத்தில் ரிஜிஸ்தரை நிறுத்திவிட்டுத் திரைக்கு மாறுவதாக ஏற்பாடு. நான் வழக்கம்போல் மூன்று. சந்தேகம் எட்டு தூக்கியிருந்தாள். கூடுதலாகத் தூக்கியவரும் குறைவாகத் தூக்கியவரும் காரணம் சொல்ல வேண்டும்.

"பழைய இடத்தைக் காலி பண்ணு, புது இடத்துல போடு. ரெண்டு வரி" என்றேன்.

"எனக்கு ஒரு சந்தேகம். ஒரே ஆளு ரெண்டு தடவ மாத்தினா?"

"யாரு மாத்தப் போறா?"

எல்லோரும் சிரித்தார்கள், மேலாளர் கொஞ்சம் அதிகமாகவே. மூன்று என்று முடிவானது. அக்கா மட்டும் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் சந்தேகம் தன் கூடப்பிறந்த அக்காவின் பிரசவத்துக்காக விடுப்பில் போனாள். புதன்கிழமை சாயங்காலமே, வழக்கத்துக்கு ஒரு நாள் முன்னதாக, என் சீட்டை முடிந்ததில் ஒட்டிவிட்டேன். வியாழக்கிழமை காலை நின்றபடி கூட்டத்தில் அக்கா அதைப் பார்த்தார்.

"இத யாரு சோதிச்சுப் பார்த்தாங்க தம்பி?"

"நானே பார்த்தேன்."

"ரெண்டு தடவ மாத்திப் பார்த்தியா?"

நோட்டில் குறித்தது அதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீம்புக்கு லேப்டாப்பை அங்கேயே திறந்தேன். நின்றுகொண்டிருந்த எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். 'சோதனை' என்ற எங்கள் பொய் நோயாளியைத் திங்களிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினேன், போனார். செவ்வாயிலிருந்து புதனுக்கு மாற்றினேன். செவ்வாய்க்கிழமை நாற்காலியில் யாரோ இருப்பதாகக் காட்டியது, ஆனால் பெயர் இல்லை. புதன்கிழமையிலும் அவர் இல்லை. எந்தப் பட்டியலில் தேடினாலும் இல்லை. எங்களிடம் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர் காணாமலே போய்விட்டார்.

முதலில் வாய் திறந்தவர் மேலாளர். "நாளைக்கு ஒரு தடவ மட்டும் மாத்திக் காட்டுங்க. அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"சரி சார், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன்" என்றேன். மனசாட்சி உறுத்தவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே, தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

"அப்ப அந்தச் சீட்டு முடிஞ்சதுல இருக்கக்கூடாதே சார். சிஸ்டர் அத நம்பித்தான் ரிஜிஸ்தர நிறுத்தறாங்க" என்றார் அக்கா.

மேலாளர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி அறை, சத்தம் வராது. அவர் கையை நீட்டி வரைபடத்தைக் காட்டுவதும், அக்கா தலையை இல்லை என்று ஆட்டுவதும் தெரிந்தது. அப்புறம் அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். மையம் மாறுகிற நாள் தள்ளிப்போனால் கிளம்பிவிடுங்கள் என்று சொன்னாராம்.

வெளியே வந்த அக்கா நேராக மாடிப்படிக்குப் போய் அரை மணி நேரம் போன் பேசினார். திரும்பி வந்து என் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயமா இருக்கு தம்பி. பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போகணும். இந்த வயசுல எனக்கு வேற எங்கயும் போன் எடுக்கிற வேலைகூடக் கிடைக்காது." நோட்டைத் திறந்தார். "மையத்துல வரவேற்புல இருக்கிற அம்மாகிட்ட பேசினேன். ரெண்டு தடவ மாத்தறவங்க ஒரு நாளைக்கு நாலஞ்சு பேர் இருக்காங்களாம். ஜுரம் வந்துடும், வண்டி வராது, கூட வர ஆள் இருக்காது. சொல்லிட்டு 'சரி, வைக்கிறேன்'னாங்க. நான் வைக்கல. அப்புறமாத்தான் சொன்னாங்க. போன வருஷம் ரிஜிஸ்தர்ல ஒருத்தர் பேர எழுத விட்டுட்டாங்களாம். ரெண்டு நாள் கழிச்சு வந்தாராம். நடந்து வரலயாம், தூக்கிட்டு வந்தாங்களாம்."

சுவரில் இருந்த என் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் உத்தரவு போட முடியாது. உன் சீட்டு, உன் கை" என்றார்.

எழுந்து போனேன். மஞ்சள் சீட்டைப் பிய்த்து நடுக் கட்டத்தில் ஒட்டினேன். மூன்று விரல் அகலம்தான், ஆனால் அலுவலகமே என் முதுகைப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அக்காவை நினைத்து வெட்கமாக இருந்தது. என் பொய்க்கு அவர் வேலையைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் முன்னால் சோதனையை நானே காணாமல் போகவைத்துக் காட்டினேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், "உண்மையில எவ்வளவு பெரிய வேலை இது?" என்று கேட்டார். அக்கா அட்டைகளை அங்கேயே எடுத்துக் கொடுத்தார். கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்பினோம். என் அட்டையில் பதின்மூன்று. என்னைக் கிண்டல் செய்யக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப இதுதான் முதல் வேலை. அடுத்துக் கேக்க இருந்த ரெண்டு வேலையையும் வரிசையில கீழ தள்ளிக்கிறேன். இன்னும் ரெண்டு வாரம் ரிஜிஸ்தர் இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். அதைச் சொல்கிற உரிமை அவருக்குத்தான் உண்டு, மேலாளருக்கு இல்லை. நாளைத் தள்ளியவர் சிஸ்டரே என்பதால் அக்காவை உடனே அனுப்ப மேலாளருக்கு வழியில்லை. சிஸ்டர் போனபிறகு அவர் அக்காவிடம் சொன்னார், எங்கள் எல்லோர் காதிலும் விழ: "ரெண்டு வாரம். அடுத்த ஸ்பிரிண்ட் கடைசி நாள் இது முடியலன்னா நீங்க கிளம்பலாம்." என் சீட்டைப் பார்த்து மற்றவர்களும் முதல் நாள் எதையும் தள்ளாததால், அவர் அறையில் வரைபடம் இருபத்துநாலிலிருந்து பதினொன்றுக்கு விழுந்திருந்தது.

அன்று கதவைச் சாத்திய கூட்டத்தில் ஏசியைப் பற்றி யாரும் பேசவில்லை. வியாழக்கிழமைத் தள்ளலை ஆரம்பித்துவைத்தவன் நான்தான் என்று சொன்னேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்களுடையதைச் சொன்னார்கள். செய்தவரைத் தவிர இன்னொருவர் பார்த்து, அந்த வேலைக்காகக் காத்திருப்பவருக்கு அது உதவிய பிறகுதான் முடிந்தது என்று எழுதி, கண்ணாடிச் சுவரில் அந்தக் கட்டத்துக்கு மேலே ஒட்டினோம். எழுதியது என் கையெழுத்து.

அந்த இரண்டு வாரம் மாதிரி நாங்கள் எப்போதும் வேலை செய்ததில்லை. வரவேற்பு அம்மாவிடம் தினமும் பேசி, மனிதர்கள் எந்தெந்த விதமாக நேரத்தை மாற்றுவார்கள் என்று அக்கா பட்டியல் போட்டார். மாற்றிவிட்டு மறுபடி பழைய நேரமே வேண்டும் என்பவர், அண்ணனும் தம்பியும் நாற்காலியை மாற்றிக்கொள்வது, மாற்றச் சொல்லிவிட்டுப் பழைய நேரத்துக்கே வந்து நிற்பவர். மொத்தம் பதினேழு. காலை கூட்டத்தில் ஒன்பதாவது விதத்தில் மாட்டிக்கொண்டேன் என்றால், பத்தாவது நிமிடத்தில் அக்கா அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆளைப் போனில் பிடித்திருப்பார். இரண்டாம் வாரம் சந்தேகம் விடுப்பு முடிந்து திரும்பினாள். பட்டியலைப் பார்த்து, "பதினெட்டாவது ஒண்ணு இருக்கு" என்றாள். நான் சண்டைக்குப் போகவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

புதன்கிழமை எல்லாம் ஓடியது. வியாழன் சந்தேகம் பதினெட்டையும் இரண்டு முறை பார்த்தாள். கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மையத்தில் ரிஜிஸ்தர் இல்லாமல் திரையை வைத்தே நடத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேலாளர் கண்ணாடிச் சுவர் முன்னால் வந்து நின்றார். சீட்டு நடுக் கட்டத்தில் இருந்தது.

"எல்லாம் ஓடுதுல்ல? நகர்த்துங்க. நான் அறிக்கை அனுப்பணும்."

"கடைசி ஷிப்ட் நாலரைக்கு முடியுது சார்" என்றார் அக்கா.

"நாலரைக்கு நான் கிளம்பிடுவேன். இப்ப நகர்த்தலன்னா அறிக்கையில முடியலன்னுதான் போகும். அதுக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

நான் சீட்டில் கை வைத்துவிட்டேன். அவருக்காக. இந்த ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டேன். நாலரை ஆகியும் மேலாளர் போகவில்லை, அறிக்கையும் அனுப்பவில்லை. மேசை ஓரத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் ஐந்து பேரும் வேலை செய்வதுபோல் நடித்தோம்.

நாலே முக்காலுக்கு அக்காவின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். வரவேற்பு அம்மா.

"இன்னிக்கு எத்தன பேரு மாத்தினாங்கம்மா?" என்று கேட்டார் அக்கா.

"எட்டுப் பேரு. அதுல மூணு பேரு ரெண்டு தடவ."

"அந்த மூணு பேரும்?"

"ரெண்டு பேருக்கு இன்னிக்குத்தான், வந்தாங்க. ஒருத்தருக்கு நாளைக்கு, திரையில பேரு இருக்கு. நானே பார்த்துட்டேன். சரி, வைக்கிறேன்."

அக்கா வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும்.

"இன்னொண்ணு" என்றது அந்தக் குரல். "போன வருஷம் பேரு விட்டுப்போச்சுன்னு சொன்னேன்ல, அவரும் இன்னிக்கு மாத்தினார். ரெண்டு தடவ. வந்து உக்காந்துட்டுப் போனார்."

எதிர்முனை வைத்தது. அக்காவும் வைத்தார். முகத்தைத் துப்பட்டா நுனியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் சீட்டு, மூணு."

போய் நகர்த்தினேன். மேலாளர் நான் அதை ஒட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே என் கையெழுத்தில் இருந்த வரியைப் படித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தவர் நின்றார்.

"திங்கட்கிழமை பிளானிங் எத்தன மணிக்கு?"

"பத்துக்கு சார்" என்றார் அக்கா. "நீங்க வரலாம். ஆனா உங்களுக்கு அட்டை கிடையாது."